சென்ட்ரல் லைன் போடும்போது எல்லாம் சரியாக இருக்கிறது, ஒரு வாரம் கழித்துக் காய்ச்சல் வருகிறது. எங்கே தவறுகிறது?

செவ்வந்தி_ஐசியூ:

எல்லாருக்கும் வணக்கம். 12 படுக்கை மெடிக்கல் ஐசியூ. சென்ட்ரல் லைன், அதாவது இதயத்துக்கு அருகே உள்ள பெரிய ரத்தக்குழாய் வரை போகும் குழாய், போடும்போது செக்லிஸ்ட்டை விடாமல் பார்க்கிறோம். கை கழுவுதல், தொப்பி, மாஸ்க், ஸ்டெரைல் கவுன், உடம்பு முழுக்க மூடும் டிரேப், 2% குளோர்ஹெக்சிடின் கலந்த ஆல்கஹால் எல்லாம் உண்டு. பெரும்பாலும் கழுத்தில்தான் போடுகிறார்கள். தொடை இடுக்கில் போடுவது அபூர்வம்.

ஆனாலும் லைன் போட்டு 8, 9 நாள் ஆனதும் சிலருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வருகிறது. ரத்தக் கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) அனுப்பினால் கிளெப்சியெல்லா, எண்டரோபாக்டர் என்ற பாக்டீரியாக்கள் வருகின்றன.

பராமரிப்பு இப்படி நடக்கிறது: ஒவ்வொரு லூமனிலும் (லைனுக்குள் இருக்கும் தனிப் பாதை) த்ரீ வே (மூன்று வாய் உள்ள திருகு வால்வு). ஊசி போடுமுன் ஸ்டீல் டப்பாவில் ஊறவைத்திருக்கும் ஸ்பிரிட் காட்டனால் துடைக்கிறோம். ஃப்ளஷ் பண்ண (லைனின் உள்ளே கழுவிவிட) டிராலியில் ஒரு 500 மி.லி. என்.எஸ். (நார்மல் சலைன், உப்புக் கரைசல்) பாட்டில், எல்லாப் படுக்கைக்கும் பொது, ஷிஃப்ட்டுக்கு ஒன்று. டிரெஸ்ஸிங்கைத் தினமும் மாற்றி, துளையில் பீட்டாடைன் ஆயின்மென்ட் வைக்கிறோம். இதில் முதலில் எதை மாற்றுவது? எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றச் சொன்னால் ஸ்டாஃப் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

கைசுத்தம்:

சிஸ்டர், முதலில் அந்த 500 மி.லி. பாட்டிலை டிராலியிலிருந்து எடுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

காரணம் சொல்கிறேன். லைனில் கிருமி போக இரண்டு முக்கிய வழி. ஒன்று, தோலிலிருந்து குழாயின் வெளிச்சுவரை ஒட்டி உள்ளே இறங்குவது. போடும்போது சுத்தம் குறைந்தால் இதுதான் நடக்கும், பெரும்பாலும் முதல் வாரத்துக்குள் தெரிந்துவிடும். இன்னொன்று ஹப் (சிரிஞ்சை இணைக்கும் வெளிமுனை) வழியாக, குழாயின் உட்புறமாகப் போவது. நாள் ஆக ஆக, எத்தனை தடவை லைனைத் திறக்கிறோமோ அத்தனைக்கு இது கூடும். உங்கள் இடத்தில் 8, 9-ஆம் நாளில் வருவதால் லைன் போட்ட டாக்டரை விட்டுவிட்டு, தினமும் அதைத் தொடுகிற கைகளையும் உள்ளே போகிற திரவத்தையும் பார்க்க வேண்டும்.

பொதுப் பாட்டிலின் கணக்கைப் பாருங்கள். ஒரு ஃப்ளஷுக்கு 10 மி.லி. என்றால் அந்தப் பாட்டில் 50 தடவை குத்தப்படும். அதில் ஒரே ஒரு தடவை யாரோ ஏற்கெனவே லைனில் இணைத்த சிரிஞ்சால் திரும்ப இழுத்தால் போதும், அந்த நோயாளியின் ரத்தம் கண்ணுக்குத் தெரியாத அளவில் பாட்டிலுக்குள் போய்விடும். ஊசியை மட்டும் மாற்றி அதே சிரிஞ்சைப் பயன்படுத்தினாலும் இதே கதைதான். என்.எஸ்.ஸில் கிருமியைத் தடுக்கும் மருந்து எதுவும் கலந்திருக்காது. ஒவ்வொரு தடவையும் குத்தச் சோம்பல்பட்டு ரப்பரிலேயே ஒரு 18 ஜி ஊசியைக் குத்தி வைத்திருந்தால் இன்னும் மோசம். பாட்டில் ஷிஃப்ட் முழுக்கத் திறந்தே இருப்பதற்குச் சமம்.

இதற்கு மாற்று 10 மி.லி. பிளாஸ்டிக் ஆம்ப்யூல் என்.எஸ். ஒரு ஆம்ப்யூல், ஒரு சிரிஞ்ச், ஒரு நோயாளி, ஒரு தடவை. மிச்சம் இருந்தால் கொட்டிவிட வேண்டும். ஏற்கெனவே நிரப்பி வரும் ஃப்ளஷ் சிரிஞ்ச் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் ஆம்ப்யூலே போதும். சிரிஞ்ச் 10 மி.லி. அளவாக இருக்கட்டும். 2 மி.லி. சிரிஞ்சால் தள்ளும்போது அழுத்தம் எகிறும், அடைப்பு இருந்தால் குழாய் கிழியலாம். காலையிலேயே பத்துப் பதினைந்து சிரிஞ்சில் இழுத்து ட்ரேயில் அடுக்கி வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். தேவைப்படும்போது இழுத்து உடனே போட வேண்டும்.

இரண்டாவது, ஸ்டீல் டப்பா ஸ்பிரிட் காட்டன். ஈரப் பஞ்சைப் பொது டப்பாவில் சேமித்து வைக்கக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் ஊசி பாதுகாப்பு வழிகாட்டியே சொல்கிறது. மூடியைத் திறந்து திறந்து ஆல்கஹால் ஆவியாகிவிடும். மதியத்துக்கு மேல் அது எத்தனை சதவீதம் என்று யாருக்கும் தெரியாது. எல்லாக் கையும் உள்ளே போகும், பழைய பஞ்சின் மேலேயே புது ஸ்பிரிட்டை ஊற்றுவார்கள். ஸ்போர் உண்டாக்கும் பேசில்லஸை ஆல்கஹால் கொல்லாது என்பதும் சேர்ந்துகொள்ளும். தனித்தனிக் கவரில் வரும் 70% ஆல்கஹால் ஸ்வாப் வாங்கச் சொல்லுங்கள். குளோர்ஹெக்சிடினும் சேர்ந்த ஸ்வாப் கிடைத்தால் இன்னும் நல்லது.

துடைக்கும் விதத்திலும் ஒரு விஷயம். பல பேர் ஹப்பின் தலையில் ஒரு ஒத்து ஒத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். ஒரு ஹப்பைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். திருகும் மரையில் காய்ந்த ரத்தம் பழுப்பு நூல் மாதிரி ஒட்டியிருக்கும். ஒத்தினால் அது போகாது. ஸ்வாபை மடித்து ஹப்பின் மேல் குல்லா போல் கவிழ்த்து, மத்து கடைவதுபோல இப்படியும் அப்படியும் 15 விநாடி அழுத்தித் திருக வேண்டும். மேல் பரப்பும் பக்கத்து மரையும் இரண்டுமே. பிறகு தானாகக் காய வேண்டும். ஊதக் கூடாது, விசிறக் கூடாது. ஈரமாக இருக்கும்போதே சிரிஞ்சைச் சொருகினால் கிருமி முழுதாகச் சாகாது, ஆல்கஹாலும் உள்ளே போகும். ஒரே ஊசி நேரத்தில் ஃப்ளஷ், மருந்து, ஃப்ளஷ் என்று மூன்று சிரிஞ்ச் மாற்றினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் முன்னால் துடைக்க வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் கை. கிளவுஸ் போட்டிருக்கிறேன் என்பது பதில் ஆகாது. யூரின் பையைத் தொட்ட அதே கிளவுஸோடு லைனுக்கு வருவதுதான் கிளெப்சியெல்லாவுக்கு நேர் வழி. கிளவுஸைக் கழற்றி, ஹேண்ட் ரப்பை உள்ளங்கை நிறைய எடுத்து 20 முதல் 30 விநாடி, கட்டை விரலும் நகக்கண்ணும் விடாமல் தேய்த்துவிட்டு லைனைத் தொடுங்கள்.

பெட்ரி_தட்டு:

மைக்ரோபயாலஜி பக்கத்திலிருந்து. கைசுத்தம் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன். கிருமியின் பெயரே ஒரு துப்பு. தோலில் வாழும் ஸ்டெஃபைலோகாக்கஸ் வந்தால் தோல் அல்லது ஹப்பைச் சந்தேகிக்கலாம். கிளெப்சியெல்லா, எண்டரோபாக்டர், செராஷியா இந்த மூன்றும் டெக்ஸ்ட்ரோஸ் திரவத்தில் அறை வெப்பத்திலேயே பெருகக்கூடியவை. பர்கோல்டேரியா செபாசியா என்ற கிருமி இரண்டு மூன்று பேருக்கு அடுத்தடுத்து வந்தால் வேறு யோசனையே வேண்டாம். பொதுவான திரவமோ கிருமிநாசினியோ ஒன்று கெட்டிருக்கிறது. பாட்டில் பளிச்சென்று தெளிவாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். ஒரு மி.லி.யில் பத்து லட்சத்துக்குப் பக்கத்தில் போனால்தான் கலங்கல் கண்ணுக்குத் தெரிய ஆரம்பிக்கும்.

1970-71-இல் அமெரிக்காவில் ஒரு சம்பவம் பதிவாகியிருக்கிறது. ஐ.வி. பாட்டில் மூடியின் உள் லைனரை ஒரு தயாரிப்பாளர் மாற்றினார். அதிலிருந்து எண்டரோபாக்டர் திரவத்தில் கலந்து, 25 மருத்துவமனைகளில் 378 பேருக்கு ரத்தத்தில் கிருமி பரவியது. திரவம்தான் மூலம் என்று அப்போது யாரும் எளிதில் சந்தேகப்படவில்லை.

ஆகவே உங்கள் பொதுப் பாட்டிலைத் தூக்கிப் போடுமுன், ஷிஃப்ட் முடிவில் மிச்சமிருப்பதை ஒரு தடவை எங்களிடம் கல்ச்சருக்கு அனுப்புங்கள். எடுத்த நேரம், பேட்ச் எண் இரண்டையும் எழுதுங்கள். அதே சமயம் கட்டில், சுவர், ஜன்னல் என்று கண்டதையும் ஸ்வாப் எடுத்து அனுப்ப வேண்டாம். அது எங்கள் மேஜையை நிரப்புமே தவிர எதையும் சொல்லாது.

ரத்தக் கல்ச்சர் பற்றியும் ஒரு வேண்டுகோள். லைனிலிருந்து மட்டும் எடுத்து அனுப்பினால் ஹப்பில் ஒட்டியிருக்கும் கிருமியைத்தான் எங்களுக்கு அனுப்புகிறீர்கள். ஒரு செட் கை நரம்பிலிருந்து, ஒரு செட் லைனிலிருந்து, இரண்டும் ஒரே நேரத்தில், பெரியவர்களுக்கு ஒவ்வொரு பாட்டிலிலும் 8 முதல் 10 மி.லி., ஆன்டிபயாடிக் மாற்றுவதற்கு முன்னால். லைனிலிருந்து எடுக்கும்போது பழைய கனெக்டரைக் கழற்றிப் புதியதைப் போட்டுவிட்டு எடுங்கள். எது எங்கிருந்து எடுத்தது என்று பாட்டிலிலேயே எழுதுங்கள். தானியங்கிக் கருவியில் லைன் பாட்டில், கை பாட்டிலைவிட 2 மணி நேரமோ அதற்கு மேலோ முந்திப் பாசிட்டிவ் ஆனால் மூலம் லைன்தான் என்று எங்களால் சொல்ல முடியும். இரண்டிலும் ரத்தத்தின் அளவு வேறுபட்டால் இந்தக் கணக்கு பிசகிவிடும். லைனைக் கழற்றிய பிறகு நுனியை வெட்டி அனுப்பும் பழக்கம் இருந்தால், எல்லாருக்கும் அப்படிச் செய்யத் தேவையில்லை.

இரவு_ஷிஃப்ட்:

படிக்க நன்றாக இருக்கிறது. ஒரு நர்ஸுக்கு மூன்று நோயாளி, ஒவ்வொருவருக்கும் நாலைந்து இன்ஃப்யூஷன். ஒவ்வொரு தடவையும் 15 விநாடி தேய்த்து, காயவிட்டு, மறுபடி தேய்த்து... இரவு 2 மணிக்கு அட்ரினலின் ஓடும்போது இதெல்லாம் நடக்குமா? ஸ்டோரில் கேட்டால் ஸ்வாப் இல்லை, ஆம்ப்யூல் இல்லை என்பார்கள். குறைந்தபட்சம் எதைச் செய்யலாம் என்று சொல்லுங்கள்.

கைசுத்தம்:

நியாயமான கேள்வி, இரவு_ஷிஃப்ட். ஆள் குறைந்தால் ரத்தத் தொற்று கூடுகிறது என்பது பல இடங்களில் பார்த்து எழுதப்பட்ட விஷயம். அந்தச் சுமையை நர்ஸின் தலையில் மட்டும் கட்டுவது தப்பு. ஒவ்வொரு தடவையும் தேய்க்கும் 15 விநாடியைக் குறைக்க வழி இல்லை. லைனைத் திறக்கும் தடவைகளைக் குறைக்க வழி உண்டு.

காலை 6 மணிக்கு ரத்தப் பரிசோதனை, 7 மணிக்கு ஆன்டிபயாடிக், 8 மணிக்குப் பொட்டாசியம் என்று மூன்று தடவை திறப்பதற்குப் பதில் ஒரே நேரத்தில் முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். வாய் வழியாகக் கொடுக்க முடிகிற மருந்தை அப்படியே மாற்றச் சொல்லுங்கள். எந்த லூமன் எதற்கு என்று டேப்பில் எழுதி ஒட்டுங்கள்: ஒன்று நார்அட்ரினலினுக்கு (ரத்த அழுத்தத்தைத் தூக்கிப் பிடிக்கும் மருந்து) மட்டும், ஒன்று ஊசி மருந்துக்கு. டிபிஎன் (ரத்தக்குழாய் வழியே கொடுக்கும் உணவுத் திரவம்) ஓடினால் அதற்கென்று ஒரு லூமன், அதில் வேறு எதையும் தொடக் கூடாது. நார்அட்ரினலின் லூமனைத் திறக்க வேண்டிய அவசியமே வராதபடி ஏற்பாடு செய்துவிட்டால் இரவு வேலை பாதி குறையும்.

பிறகு த்ரீ வே. அதன் பக்கவாய் திறந்தால் நேரே ரத்த ஓட்டம்தான். மூடியைக் கழற்றித் தலையணையில் வைத்து, ஊசி போட்டுவிட்டு அதே மூடியைத் திருகுவதை எத்தனை ஐசியூவில் பார்க்கலாம்! கழற்றிய மூடி குப்பைக்கு. புது மூடிதான் மேலே ஏற வேண்டும். காலி சிரிஞ்சையே மூடியாகச் சொருகி வைக்கக் கூடாது. முடிந்தால் த்ரீ வேயின் வாயில் ஊசி இல்லாத கனெக்டர் போடுங்கள். திறக்காமல் துடைத்துவிட்டுச் சொருகலாம். அதை 96 மணி நேரத்துக்கு முன்னால் வீணாக மாற்றவும் வேண்டாம். உள்ளே ரத்தம் தங்கியிருந்தாலோ, கழற்ற நேர்ந்தாலோ மட்டும் உடனே மாற்றுங்கள்.

கனெக்டர் வாங்கினால் அது எந்த வகை என்று கவரைப் படியுங்கள். எதிரழுத்த வகையில் (சிரிஞ்சைக் கழற்றும்போது ரத்தத்தை உள்ளே இழுப்பது) ஃப்ளஷ் முடித்து, கிளாம்ப் போட்டு, பிறகு சிரிஞ்சைக் கழற்ற வேண்டும். நேரழுத்த வகையில் (கழற்றும்போது திரவத்தை வெளியே தள்ளுவது) சிரிஞ்சைக் கழற்றிய பிறகுதான் கிளாம்ப். மாற்றிச் செய்தால் ரத்தம் நுனிக்குள் ஏறி உறையும். அந்த உறைகட்டிதான் கிருமிக்குச் சோறு. இரண்டு வகையையும் ஒரே வார்டில் கலந்து வாங்கவிடாதீர்கள்.

ஐ.வி. செட் மாற்றும் கணக்கும் பலருக்குக் குழப்பம். தொடர்ந்து ஓடும் சாதாரணத் திரவத்தின் செட்டை 96 மணி நேரத்துக்குள் மாற்றத் தேவையில்லை, 7 நாளுக்கு மேல் வைக்கவும் கூடாது. தினமும் மாற்றுகிறோம் என்று பெருமைப்பட ஒன்றுமில்லை. தினமும் ஒரு தடவை கூடுதலாகத் திறக்கிறோம், அவ்வளவே. கழற்றிக் கழற்றிப் போடும் செட், அதாவது 8 மணிக்கொரு தடவை ஆன்டிபயாடிக் விடுவது, 24 மணி நேரம்தான். கழற்றிய நுனியை ஸ்டாண்டில் சும்மா தொங்கவிடக் கூடாது, ஸ்டெரைல் மூடி வேண்டும். கொழுப்புத் திரவமும் டிபிஎன்னும் 24 மணி நேரம். ப்ரோபோஃபால் கொழுப்பில் கரைத்த மயக்க மருந்து, கிருமிக்கு விருந்து மாதிரி. அதன் குழாயை 6 முதல் 12 மணி நேரத்துக்குள், வயல் மாறும்போது மாற்றிவிடுங்கள். ரத்தம் ஏற்றிய செட்டை வேறெதற்கும் வைக்காதீர்கள்.

இன்னொன்று, இது நம் ஊரில் அதிகம். சுருங்காத பிளாஸ்டிக் பாட்டிலில் திரவம் இறங்கவில்லை என்று மேலே ஒரு ஊசியைக் குத்திக் காற்று விடுவது. வார்டுக் காற்று நேரே திரவத்துக்குள் போகிறது. காற்றுத் துளையில் ஃபில்டர் உள்ள செட் போடுங்கள், அல்லது தானாகச் சுருங்கும் பை வாங்குங்கள். அர்ஜென்டினா, பிரேசில், மெக்சிகோ, இத்தாலி ஐசியூக்களில் காற்று விடும் பாட்டிலிலிருந்து சுருங்கும் மூடிய பைக்கு மாறியபோது லைன் தொற்று தெளிவாகக் குறைந்தது. ஸ்டோரில் வாதாட இது உதவும். 

செவ்வந்தி_ஐசியூ:

ரொம்ப நன்றி. எங்களிடமும் அந்தக் காற்று ஊசி இருக்கிறது, எழுத மறந்துவிட்டேன். டிரெஸ்ஸிங் பற்றி யாரும் சொல்லவில்லையே? தினமும் மாற்றுவது நல்லதுதானே? ஏசி சரியாக வேலை செய்யாத நாளில் வியர்வையில் கழுத்து டிரெஸ்ஸிங் கழன்று வந்துவிடுகிறது.

கட்டுத்துணி:

தினமும் மாற்ற வேண்டாம் அக்கா. ஊடு தெரியும் ஒட்டு டிரெஸ்ஸிங் என்றால் 7 நாளுக்கு ஒரு தடவை, காஸ் (வலைத்துணி) வைத்துக் கட்டினால் 2 நாளுக்கு ஒரு தடவை. நனைந்தாலோ, ஓரம் எழும்பினாலோ, உள்ளே ரத்தம் தெரிந்தாலோ அந்த நிமிஷமே மாற்ற வேண்டும், நாள் கணக்குப் பார்க்கக் கூடாது. எழும்பிய ஓரத்தின் மேல் பிளாஸ்டர் ஒட்டிச் சமாளிப்பது பெரிய தப்பு. உள்ளே போன ஈரம் உள்ளேயே இருக்கும்.

உங்கள் டிரெஸ்ஸிங் கழல்வதற்கு வியர்வை பாதிக் காரணம், மீதி அந்த ஆயின்மென்ட். பிசுக்கு மேல் பசை ஒட்டாது. டயாலிசிஸ் கதீட்டருக்கு அது வேறு விஷயம். சாதாரண சென்ட்ரல் லைன் துளையில் பீட்டாடைன் ஆயின்மென்ட்டோ ஆன்டிபயாடிக் களிம்போ வைக்க வேண்டியதில்லை.

மாற்றும் முறை: பழையதைத் தோலோடு இணையாக இழுத்து, குழாயின் ஹப் பக்கத்திலிருந்து துளையை நோக்கிப் பிரியுங்கள். எதிர்ப் பக்கமாக இழுத்தால் லைனே வெளியே வரும். கிளவுஸைக் கழற்றி, ஹேண்ட் ரப் போட்டு, ஸ்டெரைல் கிளவுஸ் அணியுங்கள். குளோர்ஹெக்சிடின் ஆல்கஹாலால் முன்னும் பின்னுமாக 30 விநாடி உரசித் தேயுங்கள். பிறகு குறைந்தது 30 விநாடி காயவிடுங்கள். தொடை இடுக்கு மாதிரி ஈரமான இடத்தில் தேய்ப்பதே 2 நிமிடம், காய இன்னும் நேரம் ஆகும். காயுமுன் ஒட்டினால் அடியில் தோல் வெந்துபோய் சிவந்துவிடும். பிறகு குளோர்ஹெக்சிடின் அலர்ஜி என்று கேஸ் ஷீட்டில் எழுதுவார்கள். கைக்குப் போடும் ஹேண்ட் ரப்பை எடுத்துத் துளையைத் துடைக்காதீர்கள், அதில் கை வறளாமலிருக்கச் சேர்க்கும் ஈரப்பசை இருக்கும், பசை பிடிக்காது. வியர்வை அடங்காதவர்களுக்கோ துளையில் கசிவு உள்ளவர்களுக்கோ காஸ்தான் சரி. மாற்றிய தேதியை டிரெஸ்ஸிங்கின் ஓரத்தில் எழுதுங்கள், துளையின் மேல் பேனா வேண்டாம்.

தினமும் உடம்பு துடைப்பதற்கு 2% குளோர்ஹெக்சிடின் துணி கிடைத்தால் தாடைக்குக் கீழே முழுக்கத் துடைத்து அப்படியே காயவிடுங்கள், தண்ணீரால் கழுவ வேண்டாம். கண், காது, வாய்ப் பக்கம் போகக் கூடாது. சாதாரண சோப்பும் சில லோஷனும் குளோர்ஹெக்சிடினின் வேலையைக் கெடுக்கும். 4% ஸ்க்ரப் என்றால் விஷயம் வேறு, அதைக் கழுவித்தான் ஆக வேண்டும்.

தொட்டில்_வார்டு:

என்ஐசியூவில் (பச்சிளம் குழந்தைகளின் ஐசியூ) இருப்பவர்கள் மேலே சொன்ன குளியலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். 2 மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு அது கிடையாது. குறைமாதக் குழந்தையின் தோலில் குளோர்ஹெக்சிடின் ஆல்கஹால் தேங்கினால் தீக்காயம் மாதிரி வெந்துவிடும், முதுகுக்கு அடியில் வழிந்து தேங்குவதைத்தான் கவனிக்காமல் விடுகிறோம். கொஞ்சமாக எடுத்து, காய்ந்ததும் ஸ்டெரைல் சலைனால் துடைத்து எடுங்கள்.

பெட்ரி_தட்டு:

செவ்வந்தி சிஸ்டர், மாற்றத்தை ஆரம்பிக்கும் நாளிலிருந்து கணக்கும் எழுதுங்கள், இல்லாவிட்டால் குறைந்ததா என்றே தெரியாது. தினமும் ஒரே நேரத்தில், உதாரணமாக இரவு 12 மணிக்கு, லைன் உள்ள நோயாளிகள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். ஒருவருக்கு இரண்டு லைன் இருந்தாலும் ஒன்றுதான். அதைக் கூட்டினால் லைன் நாள். தொற்று எண்ணிக்கையை லைன் நாளால் வகுத்து 1000-ஆல் பெருக்குங்கள். 400 லைன் நாளில் 2 தொற்று என்றால் 1000 நாளுக்கு 5. லைன் போட்டு இரண்டு காலண்டர் நாள் தாண்டிய பிறகு வருவதுதான் இதில் சேரும். நுரையீரலிலோ சிறுநீரிலோ இருந்து ரத்தத்துக்குப் போனது சேராது. தோல் கிருமி ஒரே ஒரு பாட்டிலில் வந்தால் சேர்க்க முடியாது, தனித்தனியாக எடுத்த இரண்டு கல்ச்சரிலாவது வர வேண்டும்.

கைசுத்தம்:

கணக்குப் பேச்சு வந்ததால் ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 103 ஐசியூக்களில் நடந்த வேலை 2006-இல் வெளியானது. 1000 லைன் நாளுக்கு 2.7 ஆக இருந்த நடுமதிப்பு மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு இறங்கியது. அதில் ஐந்து விஷயம்: கை, முழு மறைப்பு, குளோர்ஹெக்சிடின், தொடை இடுக்கைத் தவிர்ப்பது, தேவையில்லாத லைனை எடுப்பது. முதல் நான்கும் உங்களிடம் இருக்கின்றன. ஐந்தாவதை நீங்கள் எழுதவே இல்லை, அதனால் கேட்கிறேன். உங்கள் ரவுண்ட்ஸில் ஒவ்வொரு படுக்கையிலும் 'இன்றைக்கு இந்த லைன் எதற்கு?' என்று யாராவது கேட்கிறார்களா? நார்அட்ரினலின் நின்று, வாய் வழியே உணவு போய், ஒரு ஆன்டிபயாடிக்குக்காக மட்டும் 9-ஆம் நாள் வரை லைன் இருக்கிறதென்றால், கையில் ஒரு கேனுலா போட்டுவிட்டு அதை அன்றைக்கே எடுக்கச் சொல்லலாம். கேட்பது நர்ஸாக இருக்கட்டும். சார்ட்டில் லைன் போட்ட தேதிக்குப் பக்கத்தில் 'நாள் 6', 'நாள் 7' என்று தினமும் சிவப்பில் எழுதிவிட்டுக் கேளுங்கள்.

செவ்வந்தி_ஐசியூ:

யாரும் கேட்பதில்லை. நாளை காலை ரவுண்ட்ஸிலிருந்து கேட்கிறோம். பொதுப் பாட்டிலில் மிச்சமிருப்பதை லேபுக்கு அனுப்பிவிட்டு, ஆம்ப்யூலுக்கு இன்டென்ட் எழுதிவிட்டேன். ஸ்வாப் வரும்வரை என்ன செய்வது?

கைசுத்தம்:

டப்பாவைக் கழுவி எடுத்து வைத்துவிடுங்கள். உலர்ந்த ஸ்டெரைல் காஸ் துண்டை ஒவ்வொரு தடவையும் புதிதாகப் பிரித்து, மூடி போட்ட சின்ன பாட்டிலிலிருந்து 70% ஆல்கஹாலை அதன் மேல் ஊற்றி உடனே பயன்படுத்துங்கள். திறந்த தேதியைப் பாட்டிலில் எழுதுங்கள். தீர்ந்ததும் அதே பாட்டிலில் மேலே ஊற்றி நிரப்ப வேண்டாம், அடுத்ததைத் திறங்கள்.